டேங்குக்குப் போகாத ரிட்டர்ன்

2025 ஜூலை 14, திங்கள்

காலையில் ரெண்டு ஸ்கூட்டி, ஒரு ஆட்டோவுக்கு பிரேக். பதினொன்றரைக்கு மரியசூசை ஐயாவின் பூஷோ 504 கார் வந்தது. வந்தது என்றால் ஓடி வரவில்லை. அரசலாற்றுப் பாலத்தில் நின்றுபோய், நாலு பேர் தள்ளிப் பார்த்து முடியாமல், ஒரு மினி லாரியில் கயிறு கட்டி இழுத்து வந்து என் வாசலில் விட்டார்கள்.

ஐயா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊருக்கு வந்தவர். பிரெஞ்சில் சிப்பாய்க்கு சொல்தா, அதனால் சொல்தா ஐயா என்றால்தான் இங்கே தெரியும். வயது எழுபத்தாறு. இந்த 504-ஐக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார். என் பட்டறையைத் தாண்டும்போதெல்லாம் ரெண்டு தடவை ஹாரன் அடிப்பார். ரெண்டு வருஷமாக வண்டியை விடுவது தாவூதிடம், ஆனால் ஹாரன் மட்டும் நிற்கவில்லை. வேலை அவனுக்கு, ஹாரன் எனக்கா? எத்தனை நாள் பல்லைக் கடித்திருக்கிறேன்.

தாவூது பதினாறு வருஷம் இந்தப் பட்டறையில் என்னோடு கூட்டாக இருந்தவன். ரெண்டு வருஷம் முன்னால் ஒருநாள் காலையில் ஸ்பேனரையெல்லாம் துணியில் சுருட்டிக்கொண்டு போய் பைபாஸில் தனியாகப் போட்டான். நல்ல வாடிக்கையெல்லாம் பின்னாலேயே போய்விட்டது.

வண்டி காலைப் பூசைக்கு ஒழுங்காக ஓடுகிறதாம். வெயில் ஏறினால் நின்றுவிடுகிறது. அரைமணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடும். தாவூதிடம் கேட்டதற்கு, வெயிலில் எடுக்காதீங்க என்று மட்டும் சொன்னானாம். இதைச் சொல்ல ஒரு மெக்கானிக் வேணுமா? என் பெண்சாதி காசியம்மாவே சொல்வாள் இதை, சமையல்கட்டில் இருந்தபடி.

ஆகஸ்ட் 29 சாயங்காலம் வேளாங்கண்ணிக் கொடியேற்றம். ஐயா வீட்டம்மா அந்தோணிமேரிக்கு பக்கவாதம் வந்து ஒரு பக்கம் கையும் காலும் வராது. பஸ் ஏற முடியாது, வேனும் ஏற முடியாது. இந்த வண்டி முன்சீட்டில்தான் அவரை வசமாக உட்கார வைக்க முடிகிறது. கல்யாணமானதிலிருந்து ஊரில் இருந்த ஒரு வருஷமும் கொடியேற்றத்தைத் தவறவிட்டதில்லையாம். கூட்டத்துக்கு முன்னால் போய்ச் சேர வேண்டுமானால் உச்சி வெயிலில்தான் கிளம்ப வேண்டும்.

"வழியில நின்னுடுச்சுன்னா அவள வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன் சம்பந்தம்" என்றார். பார்த்துடலாம் ஐயா என்றேன்.

ஜூலை 15, செவ்வாய்

ஸ்பிரிட் கலந்த பெட்ரோல், அதுதான் கொதிக்குது என்று வருகிறவன் போகிறவன் எல்லாம் சொல்கிறான். இருக்கலாம். என் ஸ்கூட்டரும் அதே பெட்ரோலில்தான் ஓடுகிறது.

ஜூலை 16, புதன்

பிடித்துவிட்டேன்.

இந்த வண்டி பிறந்தபோது பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்‌ஷன். 2016-இல் அது கையை விரித்தது. பாகம் எங்கும் கிடைக்கவில்லை. நானும் தாவூதும் சேர்ந்துதான் அதைக் கழற்றிவிட்டு கார்புரேட்டர் ஏற்றினோம். பம்பு எப்போதும் தேவைக்கு மேலேதான் பெட்ரோலைத் தள்ளும். கார்புரேட்டர் குடித்தது போக மிச்சம், ரிட்டர்ன் குழாய் வழியாக டேங்குக்கே திரும்ப வேண்டும். டேங்கில் இருக்கிற பெட்ரோலோடு கலந்து சூடு தணியும். ஆவி இருந்தாலும் அங்கே போய் அடங்கிவிடும்.

இந்த வண்டியில் ரிட்டர்ன் டேங்குக்குப் போகவே இல்லை. பானெட்டுக்குள்ளேயே வளைத்து, பம்புக்கு முன்னால் ஒரு டி வடிவ இணைப்பு போட்டு, வருகிற லைனிலேயே சேர்த்துவிட்டிருக்கிறது. சூடான பெட்ரோல் இன்ஜின் பக்கத்திலேயே சுற்றிச் சுற்றி வருகிறது. இன்னும் சூடாகிறது. கடைசியில் கொதித்து ஆவியாகிறது. பம்பு ஆவியைத் தள்ளுமா? வண்டி நிற்காமல் என்ன செய்யும்?

கிளிப்புக்கு மேலே பச்சை நைலான் வலைநூல் சுற்றியிருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துபோனது. தாவூது மண்டபத்தூர் கரையில் மீன்பிடி போட்டு இன்ஜின் பார்த்துத் தொழிலுக்கு வந்தவன். எங்கே ஹோஸ் மாட்டினாலும் கிளிப்பை நம்பாமல் வலைநூல் சுற்றுவான். அங்கே போட்டுகளில் டேங்க் என்று தனியாக ஏது, ஒரு கேன்தான். அதனால் ரிட்டர்னை வருகிற லைனிலேயே திருப்பிவிடுவார்கள். டீசல் தாங்கிக்கொள்ளும். பெட்ரோல் தாங்குமா? இருபத்தைந்து வருஷம் கார் பார்த்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். அலட்சியம். யார் கேட்கப்போகிறார்கள் என்கிற திமிர்.

ஐயாவை வரச்சொல்லிக் காட்டினேன். யார் செய்த வேலை இது என்று கேட்டார்.

"நூலப் பாருங்க ஐயா. காரைக்கால்ல இப்படிக் கட்டுறவன் ஒருத்தன்தான்" என்றேன்.

ஐயா முகம் சுருங்கிவிட்டது. இவனை நம்பியா அவளை ஏற்றிக்கொண்டு போனேன் என்று முனகினார். எனக்கு நெஞ்சில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. பொய் எதுக்கு, சந்தோஷமாத்தான் இருந்துச்சு.

ஜூலை 19, சனி

டேங்கை இறக்கினேன். ரிட்டர்ன் மாட்டுகிற முனை துருவில் உடைந்து போயிருக்கிறது. அந்த ஓட்டையில் ஒரு போல்ட்டை வைத்து அடைத்திருக்கிறான். போல்ட் நம்ம டப்பாவில் கிடந்த அதே ரகம். போகும்போது டப்பாவையும்தானே தூக்கிக்கொண்டு போனான்.

டேங்கை அலசி, பற்றவைக்கும்போது வெடிக்காமலிருக்கத் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறேன். லேத் பட்டறையில் பித்தளையில் முனை கடையச் சொல்லியிருக்கிறேன். வேலை என்றால் இப்படிச் செய்ய வேண்டும்.

ஜூலை 24, வியாழன்

முனையைப் பற்றவைத்து, ரிட்டர்னை டேங்குக்கே விட்டாச்சு. பகல் பன்னிரண்டரைக்கு ஐயாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே ஓட்டினேன். நிரவி, டி.ஆர்.பட்டினம், வாஞ்சூர் எல்லை வரைக்கும். வேண்டுமென்றே கடைத்தெருவில் இன்ஜினை அணைக்காமல் பத்து நிமிஷம் நிறுத்தினேன். வேர்த்துக் கொட்டியது எங்களுக்குத்தான், வண்டிக்கு ஒன்றும் இல்லை. திரும்பி வரும்போது ஸ்டியரிங்கை ஐயாவிடம் கொடுத்தேன். என்னை வாசலில் இறக்கிவிட்டுப் புறப்படும்போது ரெண்டு ஹாரன்.

இது என்னுடைய ஹாரன். இப்போது சரியாக வந்து சேர்ந்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஐயா போன் செய்தார். பூசை முடிந்து கோயில் வாசலில் பள்ளிக்கூடத் தாளாளரைப் பார்த்தாராம். அந்தப் பள்ளிக்கூடத்து வேன் மூன்றையும் தாவூதுதான் பார்க்கிறான். ஐயா நடந்ததை எல்லாம் சொல்லியிருக்கிறார். நாலு பேர் நின்று கேட்டார்களாம். "பேரச் சொல்லித்தான் சொன்னேன், எதுக்கு மறைக்கணும்" என்றார். பிள்ளைகள் போகிற வண்டியாச்சே என்று தாளாளர் யோசித்தாராம்.

நான் யாரையும் தூண்டிவிடவில்லை. ஐயா கேட்டார், நான் காட்டினேன். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

மூன்று வேனும் என் வாசலில் நிற்கின்றன. மஞ்சள் மஞ்சளாக, பார்க்கவே நிறைவாக இருக்கிறது.

காசியம்மா சாப்பாடு எடுத்து வந்தவள் கேட்டாள், தாவூதண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா என்று. எதுக்குக் கேக்கணும், நூலே சொல்லுதே என்றேன். அவள் தூக்கை வைத்துவிட்டுப் போய்விட்டாள். இவளுக்கு எப்போதும் அவன் மேல் ஒரு கரிசனம்.

சாயங்காலம் உதிரிபாகக் கடையில் அவனே எதிரில் வந்தான். நின்று என் முகத்தைப் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை. தப்பு செய்தவன் எந்த வாயால் பேசுவான்?

ஆகஸ்ட் 29, வெள்ளி

வேளாங்கண்ணியிலிருந்து ஐயா போன். பின்னால் ஒரே மணிச்சத்தம், மரியே வாழ்க சத்தம். ஒரு எடத்துலயும் நிக்கல சம்பந்தம் என்று நாலு தடவை சொன்னார். அந்தோணிமேரி அம்மாவிடமும் போனைக் கொடுத்தார். அவருக்கு வாய் குழறும். மாதா உன்னக் கைவிட மாட்டா என்று மெதுவாகச் சொன்னார்.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஆயுத பூசைக்குப் பட்டறையைச் சுத்தம் பண்ணினோம். காசியம்மா பரண்மேல் இருந்த தகரப்பெட்டியை இறக்கி, இந்தக் குப்பையைப் போட்டுடவா என்றாள். உள்ளே என் பழைய டைரிகள். ஒவ்வொன்றாகத் தூசி தட்டினேன். 2016 கையில் வந்தது. சும்மாதான் புரட்டினேன்.

அதில் இருப்பதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

"மே 18, புதன். தாவூது வரவில்லை. அவன் அம்மா நாகூரில் மவுத்து. மூன்று நாள் வரமாட்டான். மையத்து அடக்கத்துக்குப் போக முடியவில்லை, சொல்தா ஐயா நாளைக்கே வண்டி வேண்டும் என்று நிற்கிறார். டேங்கில் ரிட்டர்ன் முனை துருப்பிடித்துக் கையோடு வந்துவிட்டது. டேங்கை இறக்கினால் ரெண்டு நாள். போல்ட் வைத்து அடைத்துவிட்டு, தாவூது போட்டுக்குச் செய்கிற மாதிரி பம்புக்கு முன்னால் டி போட்டுச் சேர்த்தேன். அவன் நூலையே எடுத்துச் சுற்றினேன். ஓடுகிறது. அவன் வந்ததும் பிரித்து ஒழுங்காகச் செய்ய வேண்டும்."

என் கையெழுத்து. என் பேனா. கீழே கிரீஸ் விரல் ரேகை கூட என்னுடையதுதான்.

பிரிக்கவே இல்லையேடா பாவி. மறுநாள் ஐயா வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாரு, நான் அடுத்த வண்டிக்குப் போயிட்டேன். ஒன்பது வருஷம். வெயில்ல திணறுதுன்னு ஐயா சொன்னப்பல்லாம், பழைய வண்டி அப்படித்தான்னு ஈரத்துணிய பம்பு மேல போட்டு அனுப்பினவன் யாரு? நான்தானே?

பெத்த தாயப் பொதைக்கப் போனவன் தலையில கட்டிட்டேனே.

செப்டம்பர் 29, திங்கள்

மறந்துபோச்சா, மறக்கடிச்சுக்கிட்டேனா?

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூசை. ஸ்பேனர், ஜாக்கி, வெல்டிங் கண்ணாடி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். காசியம்மா என் டைரிகளையும் அடுக்கி வைத்துப் பொட்டு வைத்துவிட்டாள். 2016-தான் மேலே இருந்தது. அவளுக்கு ஒன்றும் தெரியாது. பூசையில் வைத்த புத்தகத்தை இன்றைக்குத் தொடக்கூடாது, நாளைக்குத்தான் எடுக்க வேண்டும். ஒருநாள் தப்பித்தேன் என்றுதான் முதலில் தோன்றியது. என்ன மனுஷன் நான்.

முன்னெல்லாம் இன்றைக்குத் தாவூதுதான் முதலில் வருவான். பட்டறை வாசலைக் கழுவிவிடுவான். பூசை முடியும்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்து, முடிந்ததும் பொரியும் சுண்டலும் அவன் வீட்டுக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போவான்.

பூசைக்குப் பிறகு போர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'சம்பந்தம் மோட்டார்ஸ்'. பதினாறு வருஷம் என் பேர் மட்டும்தான். நம்ம பேரையும் ஒரு ஓரமா எழுதேன் மாப்ள என்று அவன் ஒருதரம் கேட்டான். போர்டு எழுதுறவன் வரட்டும் என்றேன். போர்டு எழுதுறவன் அப்புறம் ரெண்டு தடவை வந்தான். ரெண்டு தடவையும் நான் என் பேருக்கு மட்டும் பெயின்ட் அடிக்கச் சொன்னேன். தாவூது பக்கத்தில்தான் நின்றான். துணியில் ஸ்பேனரைச் சுருட்டிக்கொண்டு போனது அதற்கு அடுத்த வாரம். இதை நான் எந்த டைரியிலும் எழுதவில்லை.

அக்டோபர் 4, சனி

போனேன். பைபாஸில் அவன் பட்டறை. சின்னதுதான். வேன்கள் நின்ற இடம் காலியாக இருந்தது.

"வாங்க. உக்காருங்க" என்றான்.

பதினாறு வருஷம் வாடா மாப்ள என்றவன். இன்றைக்கு 'வாங்க'. டைரியை நீட்டினேன். அட்டையில் சந்தனப் பொட்டைப் பார்த்ததும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வாங்கினான். நின்றபடியே படித்தான். அவன் அம்மா பற்றிய வரியில் வெகுநேரம் கண் நின்றது. அவன் கண்ணைப் பார்க்க முடியாமல் நான் தரையைப் பார்த்தேன்.

"தெரியும்" என்றான். "மொதத் தடவ வண்டி வந்தப்பவே பாத்தேன். நூலு என்னோடது, முடிச்சு உங்களோடது. நான் ரெண்டு முடிச்சுதான் போடுவேன். நீங்க மூணு போடுவீங்க."

நான் நூலைத்தான் பார்த்தேன். முடிச்சைப் பார்க்கவே இல்லை.

ஏன் ஐயாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். பிரித்தால் ஏன் பிரித்தாய் என்று ஐயா கேட்பார், சம்பந்தம் பேரைச் சொல்ல வேண்டிவரும், அதனால் வெயிலில் எடுக்காதீங்க என்பதோடு நிறுத்திக்கொண்டானாம். அது தன் தப்புதான் என்றும் சொன்னான், யாருக்கோ சொல்வது மாதிரி.

சித்திக்கா மதியச் சாப்பாட்டோடு வந்தது. அவன் பெண்சாதி. என்னைப் பார்த்து ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு, காசியம்மா நல்லா இருக்காங்களா என்று கேட்டது. டீ வாங்கிவரச் சொல்லிக் கொடுத்தது. சித்திக்கா உள்ளே போனதும், மன்னிச்சுடு தாவூது என்றேன்.

"என்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? சொன்ன எடத்துல போய்ச் சொல்லுங்க."

டைரியைத் திருப்பிக் கொடுத்தான். பொட்டு அழியாமல் ஓரத்தைப் பிடித்துக் கொடுத்தான்.

அக்டோபர் 5, ஞாயிறு

ஐயா வீட்டுக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி இருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டேன். அங்கே எந்த விருந்தாளியும் வருவதில்லை, எனக்கே தெரியும்.

காசியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேன் போயிடுமேன்னு பாக்குறீங்களா என்று கேட்டாள். ஆமாம் என்பதுதான் பதில்.

அக்டோபர் 7, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

மாதா கோயில் வீதியில் ஐயா வீடு. வாசலிலேயே 504, துடைத்து வைத்திருந்தார். உள்ளே அந்தோணிமேரி அம்மா நாற்காலியில். டைரியை நீட்டினேன். ஐயா கண்ணாடியைத் தேடினார், கிடைத்தது, ஆனால் போட்டுக்கொள்ளவில்லை. நீயே படி என்றார். சத்தமாகப் படி, அவளும் கேட்கட்டும் என்றார்.

படித்தேன். 'அவன் நூலையே எடுத்துச் சுற்றினேன்' என்ற இடத்தை வேகமாகத் தாண்டினேன். மறுபடி படிக்கச் சொன்னார். மறுபடி படித்தேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"கோயில் வாசல்ல நின்னு ஒருத்தன் பேரக் கெடுத்துட்டேனே சம்பந்தம். உன் பேச்ச நம்பி."

அப்புறம் ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே இறங்கினார். வண்டியை எடுக்கவில்லை. அந்த வெயிலில் நடந்தே போனார். நானும் அந்தோணிமேரி அம்மாவும்தான் இருந்தோம். நான் போனால் எப்போதும் காப்பி போடச் சொல்லி உள்ளே குரல் கொடுப்பார். இன்றைக்குக் கொடுக்கவில்லை. முகத்தைச் சன்னல் பக்கம் வைத்துக்கொண்டார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அக்டோபர் 10, வெள்ளி

வேன்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஐயா தாளாளரிடம் போய், அதே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். தாளாளர் தாவூதுக்குச் சொல்லி அனுப்பினாராம், திரும்ப நீயே பார் என்று. ஒருதரம் எடுத்துட்டுப் போன வண்டி வேண்டாம் என்றுவிட்டானாம். கடைசியில் நிரவியில் யாரோ புதுப் பட்டறைக்குப் போகின்றன. எனக்கும் இல்லை, அவனுக்கும் இல்லை.

வாசல் வெறிச்சென்று இருக்கிறது. ரெண்டு ஸ்கூட்டி நிற்கிறது.

ஜூலை 16 பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். திமிர், அலட்சியம் என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். கிழிக்கவில்லை. சொன்னது எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆள்தான் வேற.

அக்டோபர் 15, புதன்

போர்டு எழுதுகிறவன் வந்தான். தீபாவளிக்குப் புதுசா எழுதிடவா, பேர் எதுவும் மாத்தணுமா என்று கேட்டான். இப்போது எந்தப் பேரைச் சேர்க்கிறது? அதேதான் என்றேன். உடனே, வேண்டாம், அப்புறம் வா என்று அனுப்பிவிட்டேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு 504 போனது. நல்ல வெயில். ஐயா ஓட்டினார், பக்கத்தில் அந்தோணிமேரி அம்மா. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வாசலில் வந்து நின்றேன். வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கியது. நேராகப் பார்த்து ஓட்டினார். பைபாஸ் பக்கம் திரும்பியது. ஒரு திணறல் இல்லை, ஒரு இழுப்பு இல்லை. ரிட்டர்ன் சுத்தமாக டேங்குக்குப் போகிறது.

ஹாரன் அடிக்கல.